கடலைப் பார்க்க ஓர் ஆள்

ஹால்ஸ்நெஸ் பண்ணை,
பிப்ரவரி, ஞாயிறு.

அன்புள்ள ரூனாருக்கு,

ஸ்டெய்னுன் எழுதுவது. நானும் ஆடுகளும் சௌக்கியம். நீயும் உன் அக்கா ஆஸ்டாவும் அங்கே நகரத்தில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது ஆஸ்டா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம், புருஷனிடம் பேசுவதை நாத்தனார் வாய் வழியாகப் பேச வேண்டியிருந்தால் யாருக்கும் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். ஆஸ்டா, உன்னைக் குறை சொல்லவில்லை. "இதைப் படிக்காதே" என்று நான் எழுதுகிற இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடு.

போனில் பேசலாமே என்று ஆஸ்டா கேட்கிறாள். பேசிப் பார்த்தாகிவிட்டது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன், நீ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு "ஆமா" சொல்வாய். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆமா சொல்கிறோம், சரி. ஆனால் உன் ஆமா வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. போன தடவை போனை வைத்த பிறகு, அது ஆமாவா பெருமூச்சா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடிதமென்றால் முடியும்வரை நீ உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

நீ சொல்லச் சொல்ல ஆஸ்டா எழுதிய கடிதம் கிடைத்தது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொன்னதையும், ஓரத்தில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டதையும் எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் ஆஸ்டா படிக்கும்போது அழுவாள், அவள் அழுதால் உனக்குக் கோபம் வரும்.

பண்ணையை விற்றுவிடு என்கிறாய். ஹோப்ன் ஊர் ஓட்டல்காரர்கள் கேட்கிறார்கள், ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆஸ்டா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாகிறது, படியெல்லாம் கைப்பிடி வைத்தது. கண் தெரியாதவன் கடற்கரையில் என்ன செய்வான், நாலு பேர் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும் என்கிறாய். நான் முடியாது என்று சொல்லவில்லை, ரூனார். சொல்லத் தெம்பும் இல்லை. காலையில் விருந்தாளிகளுக்கு ரொட்டி, காபி, அப்புறம் படுக்கை விரிப்பு, அப்புறம் ஆட்டுக்கொட்டில், காய்ந்த புல்லை இழுத்துப் போடுவது, எல்லாம் முடிந்து உட்காரலாம் என்று பார்த்தால் சூரியன் இறங்க ஆரம்பித்துவிடும். பனிக்கட்டிகளைப் படம் எடுக்க எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டும். வெடிக்கும் செவ்வாய் அன்று பட்டாணி சூப்பும் உப்புக்கறியும் செய்தேன். வயிறு வெடிக்கச் சாப்பிட வேண்டிய நாளில் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

உன் பேரில் போன வருஷமே பதிவு செய்த கூட்டம் வந்திருக்கிறது. ரூனார் இல்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்றதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஹாலந்திலிருந்து யோரிஸ் என்று ஒரு நெட்டையன். அவன் கேமராப் பையில் என்னையே மடித்து வைக்கலாம். வந்த முதல் நாளே ஒரு பனிக்கட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு போனான். மணலில் தடம் இல்லாத இடத்தில் வைத்து எடுக்கப்போகிறானாம். கடல் வைத்த இடத்தில் இருக்கட்டும், நீ போய் அதன் முன்னால் நில் என்றேன். ரெண்டடி தள்ளினால் என்ன என்று கேட்டான். எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது என்றேன். அவர்தான் இங்கே இல்லையே என்றான். வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. உனக்குப் பெருமையாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

உன் கேமராவில் நான் எடுத்து அனுப்பிய படங்களை ஆஸ்டா உனக்கு எப்படி விவரித்தாள் என்று அவளே எழுதியிருக்கிறாள். "ஒரு பனிக்கட்டி. பக்கத்துல இன்னொரு பனிக்கட்டி. பின்னாடி ஆரஞ்சு." ஆஸ்டா, நீ தபால் ஆபீசில் இத்தனை வருஷம் வேலை பார்த்தது வீணாகவில்லை. இனிமேல் நானே எழுதுகிறேன், நீ படித்தால் போதும்.

ரூனார், பனியாற்று ஏரியிலிருந்து இந்தத் தடவை நிறையப் பனிக்கட்டி கடலுக்கு வந்து கரை ஒதுங்கியிருக்கிறது. பாலத்துக்குக் கிழக்கே கரை முழுக்கக் கட்டிகள். பெரியது ஒன்று, நம் டிராக்டர் அளவு, மேலே நீலம், அடியில் எரிமலைச் சாம்பல் கோடு போட்டது. சின்னவை கண்ணாடி போலத் தெளிவாக, கருமணல் உள்ளே தெரிகிறது. சூரியன் மலைப்பக்கம் இறங்குகிற நேரத்தில் வெளிச்சம் கட்டிக்குள் போய் நின்றுவிடுகிறது. வெளியே இருட்டு வந்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் இருக்கிறது. இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நான் ஆமா ஆமா என்று தலையாட்டினேன், பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன்?

ஆஸ்டா, நீ நகரத்துக்காரி, உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். சாயங்காலம் சூரியன் மலைப்பக்கம் இறங்கும். படம் எடுக்கிறவன் அதைப் பார்த்து நின்றால் கடல் அவன் முதுகுக்குப் போய்விடும். அங்கே நல்ல அலை நாலைந்துக்கு நடுவில் ஒரு கெட்ட அலை வரும், ஆளையும் தூக்கும், ஆள் மேல் பனிக்கட்டியையும் உருட்டும். அதனால் ஒருத்தர் படம் எடுத்தால் ஒருத்தர் மேட்டில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உன் தம்பி பனியைப் பார்த்தான், நான் கடலைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். நான் நின்ற நாளில் கடல் ஒருத்தரையும் தொட்டதில்லை.

இப்போது பக்கத்துப் பண்ணைக் கிரீமுர் வந்து நிற்கிறான். வந்து நிற்கிறான், அவ்வளவுதான். பாதி நேரம் போனைப் பார்க்கிறான். நானும் மேட்டில் நின்றுவிட்டு, எல்லோரும் எடுத்து முடித்த பிறகு கடைசி வெளிச்சத்தில் ஓடிப்போய் உனக்காக ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஆஸ்டா, இனி வருவதைப் படிக்காதே. ரூனார், கண்ணைக் காட்டிவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய், வரவில்லை. உன் தலையணையை நான் எடுத்து வைக்கவில்லை.

படிக்கலாம். வெதுவெதுப்பாக இருந்துகொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன்,
ஸ்டெய்னுன்.


ஹால்ஸ்நெஸ்,
மார்ச், வியாழன்.

அன்புள்ள ரூனாருக்கு,

நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுகிறேன், அது உண்மை. கிரீமுர் உனக்குப் போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டான் என்று தெரியும். அவன் சொன்னால் நான் செத்துப் பிழைத்ததாகத்தான் சொல்லியிருப்பான். நடந்ததை நானே சொல்கிறேன்.

ரெனாட்டா என்று ஒரு விருந்தாளி வந்திருந்தாள். போலந்துக்காரி, ஓய்வு பெற்ற நர்ஸ், தனியாக வந்தவள். எல்லோரும் அவளைத் தள்ளிவிட்டு நல்ல கட்டிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் யாரோடும் சண்டை போடாமல் ஒரு சின்னக் கட்டி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருப்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை, கடல் படுத்துக் கிடந்தது. மேட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டு, அந்தக் கட்டியோடு தன்னை ஒரு படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். வேறு யாரையாவது கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். கிரீமுர் இருக்கிறானே என்று இறங்கிப் போனேன்.

அவள் கேமராவில் கண்ணை வைத்தேன். ரூனார், நீ வைக்கிற மாதிரி அவள் தாழ்வாக வைத்திருந்தாள், மணலோடு மணலாக. கட்டிக்குள் சூரியன் முழுசாக உட்கார்ந்திருந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சூரியன். உன் படங்கள் வீட்டுச் சுவர் முழுக்க மாட்டியிருக்கின்றன, தினம் தூசி தட்டுகிறேன், அதிலெல்லாம் இது எனக்குத் தெரிந்ததில்லை. நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கடல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. எனக்கு!

அப்புறம் முழங்காலுக்குக் கீழே எதுவுமில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் இடுப்புவரை தண்ணீர், பூட்ஸ் இரண்டும் நிரம்பிக் கனத்துவிட்டது, கால் எழும்பவில்லை. ஒரு கட்டி வந்து முழங்காலில் இடித்தது. ரெனாட்டா மல்லாந்து போனாள், அவள் சட்டையைப் பிடித்துவிட்டேன், அது மட்டும்தான் நான் சரியாகச் செய்தது. இரண்டு பேரையும் அலை இழுத்துக்கொண்டு போனது. அந்த நெட்டையன் யோரிஸ் கேமராவையெல்லாம் போட்டுவிட்டு ஓடிவந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். இன்னொரு பக்கம் கிரீமுர். வாணம் விற்ற காசில் நடக்கிற அந்த மீட்புக்குழுவில் இவன் இருப்பது என் நல்ல காலம். இந்த வருஷம் நீ வீட்டில் இல்லையே, வாணவேடிக்கை எதற்கு என்று புது வருஷத்துக்கு மீட்புக்குழுவிடம் நான் வாணம் வாங்கவில்லை. என்னை மேட்டில் தூக்கிப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க, அதைத்தான் சொல்லிக்காட்டினான்.

"வாணம் வாங்காதவங்களையும் தூக்கித்தான் ஆக வேண்டியிருக்கு, ஸ்டெய்னா."

ரெனாட்டாவுக்குத் தோள்பட்டையில் அடி, மற்றபடி ஒன்றுமில்லை. அவள் கேமரா போய்விட்டது. அவளோ எனக்கு ஆறுதல் சொல்கிறாள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. உன் கேமரா நீர் புகாத உறையோடு என் கம்பளிச் சட்டைக்குள் இருந்தது, அடுப்புக்கு மேலே வைத்துக் காயவைத்தேன், என்னைவிட நன்றாக இருக்கிறது. என் முழங்கால் ரொட்டி மாவு மாதிரி உப்பிக் கிடக்கிறது. ஆட்டுக்கொட்டிலுக்குக் கிரீமுரின் மனைவி போகிறாள்.

கடைசியில் நீ சொன்னதுதான் சரி. விற்றுவிடலாம். ஒரு ஆள் பனியையும் பார்த்து, கடலையும் பார்த்து, ஆட்டையும் பார்த்து, விருந்தாளியையும் பார்க்க முடியாது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் நின்ற நாளில் கடல் யாரையும் தொட்டதில்லை என்று போன கடிதத்தில் பெரிதாக எழுதியிருந்தேனே, அந்த வாய்க்கு நன்றாகக் கிடைத்தது. ஓட்டல்காரர் ஈஸ்டருக்கு ரெண்டு வாரம் முன்னால் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆடுகளைக் கிரீமுர் எடுத்துக்கொள்வான். உன் படங்களை எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஆஸ்டாவைக் கேட்டு வை. அவள் சுவரெல்லாம் அலங்காரத் தட்டு மாட்டியிருக்கிறாளே.

ஆஸ்டா, இதைப் படிக்காதே. தண்ணீருக்குள் போனபோது நான் கடவுளைக் கூப்பிடவில்லை. உன் தம்பியைத்தான் கூப்பிட்டேன், மேட்டில் அவன் நிற்கிற மாதிரி. அவன் மேட்டில் நின்றதே கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்டாவின் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். நல்லபடியாக இரு.

உன்,
ஸ்டெய்னுன்.


ஹால்ஸ்நெஸ்,
ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு.

அன்புள்ள ரூனாருக்கு,

உனக்கும், வாசித்துக் காட்டுகிற ஆஸ்டாவுக்கும் என் வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, நடக்கிறேன். ஒரு ஆடு சினை தங்காமல் போனதைத் தவிர கொட்டிலில் கெட்ட செய்தி இல்லை. வெளியே பனி உருகி ஓடுகிறது. சொல்ல வேண்டிய பெரிய விஷயம் கடைசியில் வரும், அவசரப்படாதே.

போன மாதம் நீ அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு அடுப்பில் போடலாம் என்று எழுந்தேன். நான் கடலுக்குள் போய் வந்து எழுதியிருக்கிறேன், நீ என்ன கேட்டிருந்தாய்? எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயா? வலிக்கிறதா என்று கேட்டாயா? "அந்த அலைக்கு முன்னால் பனிக்கட்டிகளின் சத்தம் எப்படி இருந்தது?" என்று கேட்டிருந்தாய். வேறெதுவும் இல்லை. ஆஸ்டாவுக்கே வெட்கமாகப் போய், அடியில் "அவன் சொன்னதைத்தான் எழுதினேன், எனக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதியிருந்தாள். உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். ஒரு கோப்பையின் காது போய்விட்டது.

ஆனால் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை. சத்தமா? எனக்கு எந்தச் சத்தமும் நினைவில் இல்லை. அப்புறம்தான் பழசெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மூடுபனி இறங்கிய நாட்களில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். மேட்டில் நின்றால் கடல் தெரியாது. நீ கேமராவில் கண்ணை வைத்திருப்பாய். நான் "பின்னாடி வா" என்று கத்துவதற்கு முன்னாலேயே நீ ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருப்பாய். நான் கத்தியதால் வந்தாய் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். கேட்டால் நீ, "பனிக்கட்டி சும்மா சலசலன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் வாயை மூடிக்கிச்சு" என்பாய். உன் பைத்தியக்காரப் பேச்சில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

கால் கொஞ்சம் தேறியதும் கிரீமுரோடு மேட்டுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டேன். அலை திரும்பிப் போகும்போது கட்டிகள் ஒன்றோடொன்று இடித்துச் சலசலக்கின்றன, அது எனக்கும் கேட்டது. கிரீமுரிடம் கடலைப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு, கெட்ட அலை வரப்போகிறது என்று தோன்றும்போதெல்லாம் நான் கையைத் தூக்கினேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நான் கையைத் தூக்கினால் கடல் தூங்குகிறது, நான் சும்மா நின்றால் அலை வந்து மேடுவரை நக்கிவிட்டுப் போகிறது. கிரீமுர் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் காற்றும் கடலும் எல்லாம் ஒரே இரைச்சல்தான், ரூனார். அந்தக் காது எனக்கு இல்லை.

அதனால்தான் அன்றைக்கு மேட்டிலிருந்தே கிரீமுரின் போனில் கடலைப் படமும் சத்தமுமாகப் பதிவு செய்து, உனக்குப் போட்டுக் காட்டச் சொல்லி ஆஸ்டாவுக்கு அனுப்பினேன். எதற்கு என்று அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. ஆஸ்டா எனக்குத் தனியாக எழுதியது இங்கே மேஜை மேல் இருக்கிறது. உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டே போனைப் போட்டுவிட்டாளாம். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயாம். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். அப்புறம் அலை எதுவும் வருவதற்கு முன்னாலேயே திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அடிவயிற்றிலிருந்து கத்தினாயாம்.

"ஸ்டெய்னா! பின்னாடி வா!"

ஆஸ்டா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாளாம். உருளைக்கிழங்கு சமையலறை முழுக்க உருண்டதாம். அவள் உன்னைத் திட்ட வாயைத் திறந்த பிறகுதான் போனில் அந்த அலை வந்து விழுந்ததாம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாராம். மறுநாளும் அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள், நான் பிறகு அனுப்பிய மற்றப் பதிவுகளையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதில் ஓர் இடத்தில் பெரிய அலை ஒன்று எழும்பி வருவது படத்தில் தெரியும், நானாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். அங்கே நீ வாயே திறக்கவில்லையாம். அந்த அலை பாதியிலேயே படுத்துவிட்டது. ஆஸ்டா யாரையும் எளிதில் பாராட்டுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். "இவன் காதைப் பற்றி இத்தனை வருஷம் நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்று என் மேல் கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நீ சொல்லி அவள் எழுதிய பக்கத்தில் நீ என்ன சொல்கிறாய்? சமையலறை வேறு, கடற்கரை வேறு. அங்கே வந்தால் பனிக்கட்டி தடுக்கி விழுவேன், விருந்தாளிகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள், நீ எனக்காக ஒரு வேலையை உண்டாக்கிக் கொடுக்கிறாய். இதுதானே?

பரிதாபமா! எனக்குப் பரிதாபப்பட நேரம் எங்கே இருக்கிறது? கேட்டுக்கொள். நீ நிற்க வேண்டியது கீழே இல்லை. மேட்டில், நான் நின்ற இடத்தில். அங்கே ஒருநாளும் பனிக்கட்டி வந்ததில்லை, தடுக்குவதற்கு எதுவும் இல்லை. வண்டியிலிருந்து அங்கே போக வழி நேராக இருக்கிறது, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். நின்று நின்று அந்த இடத்தில் என் இரண்டு குதிகாலுக்கும் குழியே விழுந்திருக்கிறது. உன் கால் கொஞ்சம் பெரிது, பார்த்து நில். விருந்தாளிகள் என்ன நினைத்தால் என்ன? நீ "மேலே வாங்க" என்று கத்தினால் வருவார்கள், வராதவன் நனைவான். யோரிஸிடம் சொன்னேன், அடுத்த வருஷம் ரூனார் இருந்தால்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறான். ரெனாட்டாவும் வருகிறாளாம், புதுக் கேமராவோடு.

படம் எடுப்பது நான். சிரிக்காதே. ரெனாட்டா காட்டிய மாதிரி தாழ்வாக வைத்து எடுக்கிறேன், மணலெல்லாம் மூக்கில் ஏறுகிறது. எடுத்துக்கொண்டு வந்து, என்ன பார்த்தேன் என்று உனக்குச் சொல்வேன். வண்டியில் வரும்போதே சொல்வேன், குளிர் விடுவதற்கு முன்னால், மறப்பதற்கு முன்னால். ஆஸ்டா சொன்னதைவிட நன்றாகச் சொல்வேன், அது நிச்சயம். குமிழிக்குள் சூரியன் இருந்ததைச் சொன்னேனே, அதை நீ எத்தனையோ வருஷம் என்னிடம் சொல்லிப் பார்த்தாய். இப்போது நான் சொல்கிறேன், நீ ஆமா என்று சொல். பெரிதாகச் சொல்.

ஓட்டல்காரர் திங்கட்கிழமை வந்து போனார். நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது. எல்லா அறையையும் பார்த்தார், உன் படங்களையும் பார்த்தார், சுவரோடு சேர்த்து வேண்டும் என்றார். கெடுவை ஒரு நாள் தள்ளி, ஈஸ்டர் கழிந்த அடுத்த நாள் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ரூனார், இதை உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீ வரவில்லை என்றால் சரி என்று சொல்லிவிடுவேன். வேறு வழியில்லை. மே மாதம் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிடும், அதைத் தனியாகத் தாங்க இந்த உடம்பில் எதுவும் மிச்சமில்லை. சாயங்காலம் அந்தக் கரைக்குக் கீழே தனியாக இறங்கவும் எனக்கு இனித் துணிவு இல்லை. கேமராவில் கண்ணை வைக்கிற ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே திரும்பிப் பார்க்கிறேன். எடுத்த படமெல்லாம் கலங்கிப் போயிருக்கிறது.

ஆஸ்டா, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ஹோப்ன் போகிற பஸ்ஸில் அவனை ஏற்றிவிடு. டிரைவருக்குப் பின் இருக்கை, கதவுப் பக்கம். கம்பளி உள்ளாடையைப் போட்டு அனுப்பு, அவனாகப் போட மாட்டான். உலர்ந்த மீனும் வெண்ணெயும் மடியில் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் வழியெல்லாம் முணுமுணுப்பான். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தச் சொல், நான் வண்டியோடு நிற்பேன். இத்தனை மாதம் அவனை வைத்துப் பார்த்துக்கொண்டாய். நான் உன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் வாய்க்கொழுப்பு, மனதில் வைத்துக்கொள்ளாதே. கோடையில் நீயும் வா. தட்டு மாட்டுவதற்கு இங்கேயும் ஒரு சுவர் காலியாக இருக்கிறது.

ரூனார், நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன்னைக் காக்கட்டும். பஸ்ஸில் இருந்தாலும் சரி, ஆஸ்டாவின் ஜன்னல் பக்கமே இருந்துவிட்டாலும் சரி.

ஆஸ்டா, படிக்காதே படிக்காதே என்று நான் எழுதியதையெல்லாம் நீ விடாமல் படித்துக் காட்டினாய் என்று அவன் பதில்களிலிருந்தே தெரிந்துகொண்டேன். இனி வருவதை மட்டும் நிறுத்தி, உரக்கப் படி.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை, ரூனார். வா.

உன்,
ஸ்டெய்னா.